பழைய பவுலிங் பந்தை உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பது: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேன் என்னும் நீளமான தளத்தில் கனமான பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் பத்து பின்களை விழுத்தும் ஆட்டம்தான் டென்பின் பவுலிங். பெங்களூரில் அதை ஆடும் தமிழர்கள் சின்ன வட்டம்தான். அல்சூர், ஃபிரேசர் டவுன், இந்திரா நகர், ஒயிட்ஃபீல்டு என்று ஆளுக்கொரு பக்கம் இருந்தாலும் லேனில் பார்க்கும்போது எல்லா முகமும் தெரிந்த முகம். சொந்தமாகப் பந்து வாங்கியவர்களில் பலர் இரண்டு மூன்று வருடத்தில் அதை விற்க நினைக்கிறார்கள். அப்போது என்னைக் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் இதுவரை ஏழு பந்துகளை விற்றிருக்கிறேன். அதில் ஒன்றைத் தவறாக விற்றேன். அதையும் கீழே சொல்கிறேன்.

ஏற்கெனவே ஆடிய பந்தை யாராவது வாங்குவார்களா?

வாங்குவார்கள். நல்ல பந்துகள் வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றன. சுங்க வரியும் கப்பல் கூலியும் சேர்ந்தால் விலை எகிறிவிடும். பவுலிங் சென்டரில் ரேக்கில் அடுக்கியிருக்கும் ஹவுஸ் பாலை வைத்தே ஒரு வருடம் ஆடிய பையனுக்கு, பந்தை வளைத்து வீச வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். ஹவுஸ் பால் பெரும்பாலும் பிளாஸ்டிக். எண்ணெய் பூசிய லேனில் அது நேராக வழுக்கிக்கொண்டு போகும். ஹூக் வேண்டும் என்றால் வேறு பந்து வேண்டும். புதுசு வாங்கக் கையில் காசு இல்லாதவர்கள்தான் உங்களிடம் வருவார்கள். அதனால்தான் அவர்களிடம் நேர்மையாக இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்கிறேன். வருபவருக்கு ஆசை இருக்கும், ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாது.

"நல்ல பந்துன்னா ஏன் விக்கிறீங்க?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். தோள்வலி என்று நான் 15 பவுண்ட் பந்திலிருந்து 14 பவுண்ட் பந்துக்கு இறங்கினேன், அதனால் இரண்டு பந்துகளை விற்றேன். அதையே சொன்னேன், யாரும் சந்தேகப்படவில்லை.

பந்து கெட்டுப்போனால்தான் விற்பார்கள் என்றும் இல்லை. லேனில் எண்ணெய் பூசும் அளவும் நீளமும் இடத்துக்கு இடம், போட்டிக்குப் போட்டி மாறும். அதற்கேற்ற பந்து வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போய்ப் பலமுறை தேசிய சாம்பியனான ஷபீர் தன்கோட் போன்றவர்கள் ஒரே ஒரு பந்தோடு போட்டிக்கு வருவதில்லை. பையில் ஐந்தாறு இருந்தால் ஒன்றிரண்டு சும்மா கிடக்கத்தான் செய்யும். ஆனால் பந்து வளைவதை நிறுத்திவிட்டது என்பதுதான் நீங்கள் விற்கக் காரணம் என்றால், "புதுசு வாங்கிட்டேன்" என்று சொல்லி நழுவாதீர்கள்.

என்னுடையது என்ன வகைப் பந்து என்றே எனக்குத் தெரியாது. எப்படிச் சொல்வது?

பந்தின் மேல்தோலை கவர் என்போம். இப்போது ஆட்டத்தில் இருப்பவை பெரும்பாலும் மூன்று வகை. பாலியெஸ்டர், அதாவது பிளாஸ்டிக்: எண்ணெயைக் குடிக்காது, அதிகம் வளையாது, முதல் வீச்சில் மிஞ்சிய ஒற்றைப் பின்னை விழுத்தும் ஸ்பேர் பந்தாகப் பல வருடம் உழைக்கும். யூரித்தேன்: 1980-களின் தொடக்கத்தில் வந்தது, சீராக வளையும். ரியாக்டிவ் ரெசின்: 1990-களின் தொடக்கத்தில் வந்தது, லேனின் கடைசிப் பகுதியில் பலமாகத் திரும்பும். இதன் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. லேன் எண்ணெய் அதற்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், அது ஏற ஏறத் திருப்பம் குறையும்.

பந்தின் மேல் இருக்கும் பெயரை இணையத்தில் தேடினால், தயாரித்த கம்பெனியின் பக்கத்திலேயே கவர் என்ன, உள்ளே இருக்கும் எடைக்கட்டியான கோர் சிமெட்ரிக்கா (சமச்சீரா) அசிமெட்ரிக்கா என்பதெல்லாம் கிடைக்கும். அதை அப்படியே வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள். முக்கியமாக, பிளாஸ்டிக் பந்தை "நல்லா ஹூக் ஆகும்" என்று சொல்லி விற்காதீர்கள்.

எத்தனை கேம் ஆடியது என்று நான் எண்ணி வைக்கவில்லையே?

யாருமே எண்ணி வைப்பதில்லை. ஆனால் கணக்குப் போடலாம். வாரத்துக்கு இரண்டு சாயங்காலம், ஒவ்வொரு முறையும் 4 கேம் என்றால் வாரம் 8. வருடத்துக்கு 416. ஊருக்குப் போனது, மழை, உடம்பு சரியில்லாதது எல்லாம் கழித்தால் "300-லிருந்து 350-க்குள்" என்று சொல்லலாம். "கொஞ்ச நாள்தான் ஆடினேன்" என்று சொல்வதில் எந்தத் தகவலும் இல்லை. குறிப்பாக ரியாக்டிவ் பந்துக்கு இந்த எண் மிக முக்கியம். ஏன் என்று சொல்லத்தான் நான் தவறாக விற்ற கதை.

என் முதல் ரியாக்டிவ் பந்தைக் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் வாங்கினான். மதுரைப் பக்கத்திலிருந்து படிக்க வந்தவன். அவன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, விரிசல் ஏதாச்சும் இருக்கா?" இல்லை என்றேன். உண்மையிலேயே விரிசல் இல்லை. ஆனால் அந்தப் பந்து ஏறக்குறைய 300 கேம் ஆடியது, ஒருமுறைகூட எண்ணெய் எடுத்ததில்லை. வாங்கிய புதிதில் திரும்பிய மாதிரி திரும்பவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவன் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவன் பக்கத்து லேனில் ஆடிக்கொண்டிருந்தான். பந்து நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் மணிக்கட்டை வேறு மாதிரி திருப்பிப் பார்த்தான். என்னைப் பார்த்ததும் வந்து, "அண்ணா, உங்க பந்து நல்ல பந்துதான், என் கைதான் சரியில்லைன்னு நினைக்கிறேன், கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்" என்றான். என்னால் நிற்க முடியவில்லை. கேட்ட கேள்விக்கு நான் பொய் சொல்லவில்லை என்பது அந்த இடத்தில் எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. மூன்று வாரமாக அந்தப் பையன் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்கே விஷயத்தைச் சொல்லி, பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அவன் பந்தை வைத்துக்கொள்கிறேன் என்றதால் பாதிப் பணத்தைக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணெய் எடுத்தோம்.

அதற்கப்புறம் நான் வைத்துக்கொண்ட வழக்கம், வாங்குபவர் கேட்காததையும் சேர்த்துச் சொல்வது. கீழே வரும் பதில்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான்.

எண்ணெய் எடுத்துவிட்டு விற்றால் நல்லதா? வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம், செய்துவிட்டே விற்கலாம். செய்ததைச் சொல்லியும் விடுங்கள்.

விரல் துளைகளை நீர் புகாத டேப் போட்டு மூடுங்கள். பெரிய பக்கெட்டின் அடியில் ஒரு பழைய துண்டை விரித்து, பந்து மூழ்கும் அளவுக்கு வெந்நீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விடுங்கள். நீரின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. கீசர் தண்ணீர் சில வீடுகளில் அதைவிடச் சூடாக வரும், அதனால் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். இருபது நிமிடம் கழித்து எடுத்துத் துடைத்தால் துணியில் பிசுபிசுப்பு வரும், தண்ணீரின் மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும். தண்ணீரை மாற்றி, படலம் வருவது நிற்கும் வரைக்கும் திரும்பச் செய்யுங்கள். வெளியே எடுத்த பந்தைக் குளிர்ந்த நீரில் போடாதீர்கள், தானாக ஆறட்டும். சூடு சட்டென்று ஏறினாலோ இறங்கினாலோ விரிசல் விடும். அதே காரணத்துக்காக ஓவன், ஹேர் டிரையர், மொட்டைமாடி வெயில் எதுவும் வேண்டாம். அந்தப் பையனின் பந்துக்கு நாங்கள் நான்கு முறை தண்ணீர் மாற்றினோம்.

எண்ணெய் எடுத்த பிறகு அப்ராலான் மாதிரி தேய்ப்புப் பேட் போட்டு மேற்பரப்பைச் சரிசெய்வார்கள். 500, 1000, 2000, 4000 என்று எண் கூடக் கூட நயமாகும். எந்த எண்ணில் முடித்தீர்கள், மேலே பாலிஷ் போட்டீர்களா என்பதையும் எழுதுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய பந்து புதுசு மாதிரி தெரியும், அதுவே ஆளை ஏமாற்றும். எண்ணெய் எடுத்தால் திருப்பம் ஓரளவு திரும்பி வரும். முதல் நாள் இருந்த பந்தாகவே ஆகிவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சின்ன விரிசல்தான், கண்ணுக்கே தெரியாது. சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். படமும் போட வேண்டும்.

முதலில் நீங்களே தேடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் காய்வதைப் பாருங்கள். மேற்பரப்பு காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் கறுப்பாக ஈரமாக நின்றால் அது விரிசல். நகத்தால் குறுக்கே வருடினால் தட்டும். வெறும் கீறலுக்கும் பந்து திரும்பி வரும் இயந்திரத்தின் பெல்ட் தேய்த்த கறைக்கும் இப்படி இருக்காது.

எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு நீளம் என்பதைவிட முக்கியம். நடுவிரல், மோதிரவிரல் துளைகளுக்கு இடையே இருக்கும் குறுகிய பாலத்தில் மயிரிழை விரிசல் வருவது சகஜம். அதோடு பல நாள் ஆடுகிறவர்கள் உண்டு. பெருவிரல் துளையிலிருந்து விரல் துளைகளை நோக்கிப் போகும் விரிசல் வேறு கதை. பிளக் செய்த, அதாவது பழைய துளையை அடைத்த, இடத்தின் ஓரத்தில் வட்டமாக ஓடும் விரிசலும் அப்படித்தான். அது பரவும், பந்து ஒருநாள் பிளந்துவிடும். பந்தின் நடுவயிற்றில் நீளமாக ஓடினால் விற்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் பந்தை மாதக்கணக்கில் போட்டு வைத்திருந்தவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

விரிசலில் பசை ஊற்றி, தேய்த்து, பாலிஷ் போட்டு மறைத்த பந்தை நான் பார்த்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. பத்து கேமில் வெளியே வந்துவிடும், அதற்குள் வாங்கியவர் துளையிடும் கூலியையும் கொடுத்திருப்பார்.

என் விரலுக்குப் போட்ட துளை அவர் விரலுக்குப் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. புதிதாக வருபவருக்குத் தெரியாத விஷயங்களில் இதுதான் மிகப் பெரியது. செருப்பு மாதிரி ஓரளவு சரியாக இருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்வார்கள். துளையின் அகலம், பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் உள்ள தூரம், துளை எந்தச் சாய்வில் இறங்குகிறது என்ற மூன்றும் ஒரு கைக்கு அளந்து போட்டவை. பொருந்தாத பந்தை இழுத்துப் பிடித்து வீசினால் பெருவிரல் தோல் உரியும், மணிக்கட்டு வலிக்கும்.

மூன்றைச் சொல்லிவிடுங்கள். வலது கையா இடது கையா. விரலின் முதல் கணுவரை மட்டும் போகும் ஃபிங்கர்டிப் துளையா, இரண்டாம் கணுவரை போகும் கன்வென்ஷனல் துளையா. இதற்கு முன் பிளக் செய்த பந்தா.

பிளக் என்றால் பழைய துளையை ரெசின் ஊற்றி அடைத்து, இறுகவிட்டு, தேய்த்துச் சமமாக்கி, அப்புறம் புதிதாகத் துளையிடுவது. ஒருமுறை செய்த பந்து நன்றாகவே ஓடும். இரண்டு மூன்று முறை செய்திருந்தால் ஒட்டுகளின் ஓரம் பலவீனமாகும். நீங்களே இன்னொருவரிடம் வாங்கியது என்றால், துளையைச் சுற்றி வேறு நிறத்தில் பிறை மாதிரி ஏதாவது தெரிகிறதா பாருங்கள், அது பழைய பிளக்.

கை ஏறக்குறைய ஒத்துப்போனால் முழு பிளக் தேவைப்படாமலும் போகலாம். விரல் துளையில் இருக்கும் ரப்பர் இன்சர்ட்டையும் பெருவிரல் துளையில் இருக்கும் ஸ்லக் என்னும் உருளையையும் மட்டும் மாற்றினால் போதும். அதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். துளையிடுபவர் அவர் கையை அளந்து சொல்லட்டும். எல்லா பவுலிங் சென்டரிலும் டிரில் செய்யும் வசதி கிடையாது என்பதால், எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

15 பவுண்ட் என்று எழுதியிருக்கிறது. அப்படியே சொல்லலாமா?

அது துளையிடுவதற்கு முந்தைய எடை. துளையிட்டதும் சில அவுன்ஸ் குறையும், பிளக் செய்தால் மறுபடி மாறும். 15 பவுண்ட் என்பது 6 கிலோ 800 கிராம். தெருமுனை மளிகைக் கடையின் எலெக்ட்ரானிக் தராசில் வைத்தால் இன்றைய எடை தெரிந்துவிடும். இரண்டையும் எழுதுங்கள். விதிப்படி ஒரு பந்து 16 பவுண்டைத் தாண்டக் கூடாது.

நான்காவதாக ஒரு துளை இருக்கிறது. அதனால் என்ன?

விரல் எதுவும் போகாத அந்தத் துளை பேலன்ஸ் துளை. பந்தின் எடைச் சமநிலையை மாற்றுவதற்காக முன்பு போடுவார்கள். உலகம் முழுக்கப் பலரும் பார்த்து நடக்கும் விதிகளை வகுக்கும் அமெரிக்க அமைப்பான யுனைடெட் ஸ்டேட்ஸ் பவுலிங் காங்கிரஸ், 2020 ஆகஸ்ட் 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது. இப்போது ஒவ்வொரு துளையும் பிடிப்பதற்கே இருக்க வேண்டும். ஆகவே அந்த விதிப்படி நடக்கும் போட்டிகளில் ஆட, அதை அடைத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஆட எந்தத் தடையும் இல்லை. வாங்குபவர் போட்டிக்குப் போகும் எண்ணத்தில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தடைப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். ஸ்டார்ம் கம்பெனியின் ஸ்பெக்டர் என்ற பந்துக்கு இருந்த அனுமதியை அதே காங்கிரஸ் 2022-ல் ரத்து செய்தது. 2016, 2017-ல் தயாரான பர்ப்பிள் ஹாமர் பந்துகளைத் தன் தேசியப் போட்டிகளில் அனுமதிப்பதில்லை. பந்தின் வரிசை எண்ணை வைத்து எந்த வருடத்தது என்று தெரிந்துகொள்ளலாம். வரிசை எண் தேய்ந்து அழிந்திருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

லோகோ பக்கத்தில் எக்ஸ் குறி பொறித்திருக்கிறதே?

நிறத்திலோ தோற்றத்திலோ குறை இருந்ததால் கம்பெனியே விலை குறைத்து விட்ட பந்து. நன்றாக ஆடும். முதல் தரப் பந்து என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என்ன விலை சொல்வது?

வாங்கிய விலையிலிருந்து தொடங்காதீர்கள். வாங்குபவர் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்பதிலிருந்து தொடங்குங்கள். கணக்குக்காக ஒரு உதாரணம்: நீங்கள் 6,000 ரூபாய் கேட்கிறீர்கள். பிளக், புதுத் துளை, இன்சர்ட் எல்லாம் சேர்ந்து அவருக்கு இன்னொரு 4,000 ஆகிறது என்று வையுங்கள். அவருடைய கணக்கில் அது 10,000 ரூபாய்ப் பந்து. புதுப் பந்து துளையோடு 14,000-க்குக் கிடைக்கிறது என்றால், 300 கேம் ஆடிய பந்துக்கு அவர் ஏன் 10,000 கொடுக்க வேண்டும்? நான் என்றால் 3,000 சொல்வேன். துளையிடும் கூலி இன்றைக்கு எவ்வளவு என்று விசாரித்து, விலையோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள். அந்த எண்ணைக் கேட்டு அவர் திரும்பிப் போனால் போகட்டும்.

பேரம் பேசுவார்கள். அதற்கு இடம் வைத்து விலை சொல்வதில் தப்பில்லை. ஆனால் "நேத்து ஒருத்தர் 5,000-க்குக் கேட்டார்" என்று இல்லாத ஆளைக் கூப்பிடாதீர்கள்.

விளம்பரத்தில் என்ன எழுதுவது?

"டென்பின்" என்ற சொல் தலைப்பில் இருக்கட்டும். வெறும் பவுலிங் பால் என்று போட்டால் கிரிக்கெட் பந்து தேடுபவர்கள்தான் அழைப்பார்கள். நான் கடைசியாகப் போட்டது இது:

"டென்பின் பவுலிங் பந்து. ரியாக்டிவ் ரெசின், பேர்ல் கவர், சிமெட்ரிக் கோர். வாங்கும்போது 15 பவுண்ட், இப்போது தராசில் 6 கிலோ 690 கிராம். வலது கை, ஃபிங்கர்டிப். ஒருமுறை பிளக் செய்தது. சுமார் 250 கேம். போன மாதம் வெந்நீரில் எண்ணெய் எடுத்து 2000 பேட் போட்டது, பாலிஷ் இல்லை. விரல் துளைகளுக்கு நடுவே 1 சென்டிமீட்டர் மயிரிழை விரிசல், ஐந்தாவது படம் பார்க்கவும். வேறு எங்கும் விரிசல் இல்லை. பேலன்ஸ் துளை இல்லை. என் கைக்குப் போட்ட துளை, உங்களுக்குப் பெரும்பாலும் பிளக் செய்ய வேண்டும், அந்தச் செலவு தனி. புதுசாக இருந்தபோது திரும்பியதைவிட இப்போது குறைவாகத் திரும்புகிறது."

கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி இரண்டு பேர் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. நான்கு நாளில் விற்றது.

படங்களைப் பகல் வெளிச்சத்தில், பந்தைத் துடைத்துவிட்டு எடுங்கள். ஆறு பக்கமும், துளைகள் கிட்டத்தில், வரிசை எண், விரிசல் இருந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. இணையத்தில் கிடைக்கும் புதுப் பந்தின் படத்தைப் போடாதீர்கள்.

வீசிப் பார்த்துவிட்டு வாங்குகிறேன் என்கிறார். விடலாமா?

கை பொருந்தாவிட்டால் விடாதீர்கள், பந்துக்காக இல்லை, அவர் விரலுக்காக. நீங்கள் வீசுங்கள், அவர் பின்னால் நின்று பார்க்கட்டும். சர்ச் ஸ்ட்ரீட் மாதிரி எம்.ஜி. ரோடு மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில் லேன் இருக்கும் இடம் இரண்டு பேருக்கும் வசதி.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாயங்காலக் கூட்டம் ஆடி முடித்த லேனில் எண்ணெய் தேய்ந்து போயிருக்கும். காய்ந்த லேனில் செத்த பந்தும் நன்றாக வளையும். அந்த நேரத்தில் வீசிக் காட்டி "பாத்தீங்களா" என்றால் நீங்கள் காட்டியது லேனை. கூடவே ஒரு ஹவுஸ் பாலையும், முடிந்தால் உங்கள் வேறொரு ரியாக்டிவ் பந்தையும் அதே கோட்டில் வீசிக் காட்டுங்கள். வித்தியாசம் அவர் கண்ணுக்கே தெரியும். உங்கள் கை போடும் சுழற்சி அவர் கைக்கு வர நாளாகும் என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு அம்மா பத்து வயது மகனுக்கு என் 15 பவுண்ட் பந்தைக் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். சிறுவர்களுக்கு வயது எவ்வளவோ அத்தனை பவுண்ட் என்று லேனில் சொல்வது தோராயமான கணக்குதான், ஆனாலும் பத்து வயதுக்கு 15 என்பது எந்தக் கணக்கிலும் வராது. "அம்மா, இப்போதைக்கு ஹவுஸ் பாலே போதும், இன்னும் கை வளரும், போட்ட துளை ஆறு மாதத்தில் சின்னதாகிவிடும்" என்று சொல்லி அனுப்புங்கள்.

பணம் வாங்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

நேரில், பந்தைப் பார்த்த பிறகு. யு.பி.ஐ.யில் பணம் பெற நீங்கள் பின் நம்பர் போடவே தேவையில்லை. "கியூ.ஆர். அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் போட்டால் பணம் வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் அது உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் வேலை. ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது என்று தொடங்கும் அழைப்புகளும் இந்த ரகம்தான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

சென்னையிலிருந்து ஒருவர் கேட்கிறார். பார்சலில் அனுப்பலாமா?

அனுப்பலாம். கிட்டத்தட்ட ஏழு கிலோ உருண்டை, பெட்டிக்குள் உருண்டால் பெட்டியைக் கிழித்துவிடும். பந்தைத் துணியில் சுற்றி, அடியிலும் மேலேயும் அட்டையில் வளையம் செய்து வைத்து, அசையாமல் இறுக்கி, இரண்டு பெட்டி ஒன்றுக்குள் ஒன்றாகப் போடுங்கள். அனுப்பும் முன் வீடியோ எடுத்து அனுப்பிவிடுங்கள். வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதைப் பணம் வாங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

சட்டப்படி நான் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு, பொதுவாக, பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, பேசக் கடமை இல்லாத இடத்தில் வெறுமனே பேசாமல் இருப்பது மோசடி ஆகாது. ஆனால் தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பது மோசடி. விரிசலில் பசை ஊற்றிப் பாலிஷ் போடுவது அந்தப் பக்கம் வந்துவிடும்.

அந்தப் பையனிடம் நான் பேசாமல் இருந்ததை எந்தச் சட்டமும் தண்டித்திருக்காது. நான் இதைச் சட்டத்துக்காகச் சொல்லவில்லை.

விற்ற பிறகு குறை சொல்லி வந்தால்?

பிளக் செய்யும் முன் வந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பிளக் செய்து அவர் கைக்குத் துளையிட்ட பிறகு அது உங்களிடம் வாங்கிய பந்து இல்லை, திருப்புவதும் கஷ்டம். அதனால் நான் வரிசையை மாற்றிவிட்டேன்: முதலில் துளையிடுபவரிடம் பந்தைக் கொண்டுபோய்க் காட்டுகிறோம், அவர் பார்த்து இது துளையிடத் தகுந்த பந்துதான் என்று சொன்ன பிறகுதான் பணம் வாங்குகிறேன். என் கண்ணுக்குப் படாத ஒரு விரிசலை ஒருமுறை அவர் கண்டுபிடித்தார். அன்றைக்கு விற்பனை நடக்கவில்லை. பந்தை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.